புதுப்பிப்பு: ஹோப்பி கிண்ணத்தில் இருந்த அந்த ஆரஞ்சுத் திட்டு

போன பதிவில் இரண்டு விஷயம் கேட்டிருந்தேன். அமெரிக்காவின் அரிசோனாவில் நான் பார்த்து வைத்திருந்த, ஹோப்பி என்ற பூர்வகுடியினர் செய்த மண் கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சாகச் சிவந்திருப்பது குறையா? அடியில் தவளை வரைந்த வெள்ளை ஜாடி யாருடையது?

கிண்ணத்தை வாங்கிவிட்டேன். அந்தத் திட்டு குறையே இல்லை. முதல் மேசா என்ற மேட்டுநிலத்தில் வாழும் ஹோப்பி குயவர்கள் சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கி எழுப்புகிறார்கள். கல்லால் தேய்த்து மெருகேற்றி, யூக்கா என்ற பாலைச் செடியின் இலை நாரைத் தூரிகையாக்கி வரைகிறார்கள். அப்புறம் திறந்த வெளியில் ஆட்டுச் சாணத்தை மூட்டிச் சுடுகிறார்கள். சாம்பல் நிற மண், தீ பட்ட விதத்துக்கு ஏற்ப வெளிர்மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை மாறுகிறது. மின்சூளையில் சுட்டால் நிறம் ஒரே சீராக வரும். எனக்கு அதில் ஈர்ப்பே இல்லை.

கிண்ணத்தின் பறவை வடிவம் சிக்யாட்கி பாணி; சிக்யாட்கி என்பது இப்போது பாழடைந்து கிடக்கும் ஒரு பழைய ஹோப்பி ஊர். பழைய பாண்டங்களைப் பார்த்து அந்தப் பாணிக்கு மறுபடி உயிர் கொடுத்த ஹோப்பி குயவர் நம்பேயோ, 1942இல் மறைந்தார். அவர் வழியில் வந்தவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

சரி, தவளை. அது ஹோப்பி குயவர்களான பாக்வா நஹா, அவர் மகள் ஜாய் நவாசி இருவரும் கையெழுத்துப் போல வரைந்த குறி. மகளின் தவளைக்கு விரலிடையில் சவ்வு இருக்கும். என் ஜாடியில் சவ்வு தெளிவாகவே தெரிகிறது. அடியில் இறகு வரைந்திருந்தால் ஹெலன் நஹா என்ற இன்னொரு ஹோப்பி குயவரை நினையுங்கள்.

வாங்கும்போது செய்தவர் பெயரும் இனமும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குற்றம்.