மீதி ஒன்றைத் தானே ஏற்றிய பெட்டி

போன வருடம் வேலை விஷயமாகப் பாரிஸ் போனபோது, ஒரு மதியம் முழுக்க ஆர்ஸ் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருந்தேன். பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் செய்த கணக்கு இயந்திரத்தைப் பார்க்கத்தான் போனேன். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பித்தளை மூடியில் ஆரக்கால் வைத்த சக்கரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் மேலே இலக்கம் தெரிய ஒரு சின்னச் சன்னல்.

1642-ல் இதை ஆரம்பித்தபோது பாஸ்கலுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அப்பா ரூவான் நகரில் வரி அதிகாரி, ஓயாத கூட்டல் வேலை. அந்தப் பாரத்தைக் குறைக்கத்தான் மகன் இதில் இறங்கினார்.

என் அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேரேட்டுக் கூட்டலைச் சரிபார்ப்பது என் வேலை. எங்காவது, கூட்டல் பத்தைத் தொடும்போது அடுத்த இலக்கத்துக்கு ஏற்ற வேண்டிய மீதி ஒன்றை விட்டிருந்தால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடி கூட்ட வேண்டும்.

பாஸ்கல் பிடித்ததும் அந்த மீதி ஒன்றைத்தான். சக்கரம் ஒன்பதை நோக்கி நகர நகர, உள்ளே ஓர் எடை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஒன்பது பூஜ்ஜியமாகும் நொடியில் அது தொப்பென்று விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். 99999-உடன் ஒன்றைக் கூட்டினாலும் விரலுக்குப் பாரமில்லை. தள்ளுவதெல்லாம் விழுகிற எடைதான். இதற்கு முன்பே, 1623-ல், ஜெர்மனியில் ஷிக்கார்ட் என்ற பேராசிரியர் ஒரு கணக்கு இயந்திரம் பற்றி வானியலாளர் கெப்ளருக்கு எழுதியிருக்கிறார். கெப்ளருக்காகச் செய்துகொண்டிருந்தது தீயில் போய்விட்டது.

எடை ஒரு பக்கம்தான் தள்ளும் என்பதால் சக்கரத்தைப் பின்னால் சுற்ற முடியாது. அதனால் கழிப்பதற்கு, ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து குறைத்து வைத்துக்கொண்டு கூட்டியே விடை எடுத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். உங்களில் யாராவது இப்படிப்பட்ட இயந்திரத்தைக் கையால் இயக்கியிருக்கிறீர்களா?

*

தம்பி, நான் இயக்கியிருக்கிறேன். எழுபதுகளில் கூட்டுறவு வங்கியில் எனக்கு ஃபேசிட் என்ற கையால் சுற்றும் கணக்கு மிஷின்தான். கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுத்தல் என்றால் கழித்துக்கொண்டே போவோம். ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் மணி அடிக்கும், இடது பக்கம் வரிசையாக ஒன்பதுகள் வந்து நிற்கும். ஒரு சுற்று முன்னால் சுற்றிச் சரிசெய்வோம். அந்த ஒன்பதுகள் ஏன் வந்தன என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது.