பெட்சைடு ப்ரொசீஜர்: 'கட்டிலோரச் செய்கை'ன்னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பெட்சைடு ப்ரொசீஜர், அதாவது ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாம நோயாளியோட கட்டில் பக்கத்துலயே ஊசி, குழாய் போட்டு செய்யறது, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடி இங்க வந்த 'சிறு அறுவை', 'படுக்கையோர சிகிச்சை', 'செயல்முறை' எல்லாத்தையும் ரெண்டு நாளா வாய்ல போட்டு சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். நான் எமர்ஜென்சி டாக்டர். ராத்திரி ட்யூட்டில வார்டுல இருந்து போன் வரும், வயித்துல நீர் கோத்து மூச்சு விட முடியல வந்து எடுத்துத் தர்றீங்களான்னு, இல்லைன்னா கையில நரம்பே கிடைக்கல சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய சிரை வரைக்கும் போற குழாய்) போட்டுக் குடுங்கன்னு. அவங்க எங்க பிரிவு நோயாளி கிடையாது, வேற டாக்டர் பார்க்கிற உள்நோயாளி, ஆனா அந்த நேரத்துல கை பழகின ஆள் நாங்கதான் இருப்போம், அதனால கீழ காத்திருக்கிறவங்கள இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டு மேல ஓடி, கட்டில் பக்கத்துலயே செஞ்சு முடிச்சுட்டு வருவோம். அதனாலதான் இந்த சொல்மேல எனக்கு இவ்வளவு அக்கறை, இது கையெழுத்து வாங்கற பாரத்துல போகப்போற சொல்.

'சிறு அறுவை' வேண்டவே வேண்டாம். முதுகுல நீர் எடுக்கறதுக்கான (லம்பார் பங்ச்சர்) பாரத்துல ஒரு தடவை அப்படித்தான் அச்சடிச்சிருந்தது. நோயாளியோட மகன் அந்த வரிமேல விரல் வச்சு ரெண்டு தடவை படிச்சுட்டு, "அம்மாவுக்கு ஆபரேஷன்னு யாருமே சொல்லலையே டாக்டர்"னு பேனாவைக் கீழ வச்சுட்டார். மூளைக்காய்ச்சலான்னு பாக்க ஒரு ஊசி, சில மில்லி நீர், அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் முன்னாடியே போட்டிருந்தோம், ஆனாலும் அவரைத் தேத்தறதுக்குள்ள அரை மணி நேரம் போச்சு.

'படுக்கையோர சிகிச்சை'யும் பொருந்தல, ஏன்னா முதுகு நீர் எடுக்கறது பெரும்பாலும் பரிசோதனை, அதை சிகிச்சைன்னு எழுதினா எடுத்ததும் சரியாயிடும்னு வீட்டுக்காரங்க நம்பிடறாங்க. 'செயல்முறை' ப்ராசஸ்ங்கிற பொருள்ல ஏற்கனவே ஊறிப்போச்சு.

நான் சொல்றது 'கட்டிலோரச் செய்கை'. கிளினிக்ங்கிற சொல்லே கிரேக்கத்துல கட்டிலைக் குறிக்கிற 'க்ளீனே'ல இருந்து வந்ததுதான், அதனால கட்டில் நமக்கு நல்லாவே பொருந்தும். செய்கைன்னா இலங்கைத் தமிழ்ல பயிர்ச்செய்கை ஞாபகம் வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, நியாயம்தான், ஆனா முன்னாடி கட்டிலோரம் ஒட்டினதும் குழப்பம் போயிடுதே. இங்க ஐயா ஒருத்தர் சொன்ன 'உழைச்செய்கை' எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, 950-வது குறள்ல வர்ற உழைச்செல்வான் நோயாளி பக்கத்துலயே இருந்து கவனிக்கிறவர், உழைன்னா பக்கம், இதைவிட அழகா அமையாது. ஆனா இன்னிக்கு வார்டுல படிக்கிறவருக்கு அது உழைப்புன்னுதான் கேட்கும், மனசில்லாமத்தான் விடறேன்.

இப்படி வார்டு வார்டா போய் செய்யறவருக்கு 'செய்கை மருத்துவர்' வச்சுக்கலாம். இதுல ஒரு நடைமுறை லாபமும் இருக்கு. லைன் போட்டது ஒருத்தர், நோயாளியைப் பாக்கறது இன்னொருத்தர், அப்போ லைனை என்னிக்கு எடுக்கணும், போட்டதுக்கப்புறம் எக்ஸ்ரே யார் பாக்கணும்னு குறிப்பேட்டுல செய்கை மருத்துவர், பொறுப்பு மருத்துவர்னு ரெண்டு தனித்தனி வரி இருந்தா யாரும் மத்தவர் பாத்திருப்பார்னு விட்டுட மாட்டாங்க.

அப்புறம் ஒவ்வொரு செய்கைக்கும் பேர். முதுகுல நீர் எடுக்கறதை 'தண்டுவடத் துளைப்பு'ன்னு எழுதறதை தயவுசெஞ்சு நிறுத்தணும், அது பயமுறுத்தறது மட்டுமில்ல, தப்பும்கூட. பெரியவங்களுக்கு தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பு 1, 2 கிட்டயே முடிஞ்சுடுது, நாங்க ஊசி போடறது அதுக்கும் கீழ, 3க்கும் 4க்கும் நடுவுல, இல்லைன்னா 4க்கும் 5க்கும் நடுவுல. 1891-ல ஜெர்மன் டாக்டர் க்விங்க்கே இந்த முறையை வெளியிட்டதுல இருந்தே நோக்கம் நீரை எடுக்கறதுதான், தண்டுவடத்தைத் தொடறதே இல்ல. சித்த மருத்துவத்துல உடம்புக்கு வெளியில செய்யற முறைகளான புறமருந்து 32-ல 'குருதி வாங்கல்'னு ஒண்ணு இருக்கு, அந்த வாங்கலை அப்படியே எடுத்துக்கிட்டா கீழ்முதுகு நீர் வாங்கல், வயிற்று நீர் வாங்கல், நெஞ்சு நீர் வாங்கல்னு வரிசையா அமையுது, விளக்கமே தேவையில்ல. போன வாரம் ஒரு பாட்டிகிட்ட "வயித்து நீரை வாங்கிடறோம்மா"ன்னேன், "வாங்குப்பா, பாரம் தாங்கல"ன்னு அவங்களே சேலையை ஒதுக்கி வயித்தைக் காட்டினாங்க.

சென்ட்ரல் லைனுக்கு 'வடிகுழாய்' சரியில்ல, அதுல மருந்து உள்ளதான் போகுது, எதுவும் வடியறதில்ல. 'மையச்சிரைக் குழாய்' போதும். பேச்சுல சிரையையும் நரம்புன்னே சொல்றோம், ஆனா பாரத்துல அது வேண்டாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது செஸ்ட் ட்யூப்தான், விலாவுக்கு நடுவுல நெஞ்சுக்குள்ள வைக்கிற குழாய். அதுல சில நேரம் நீர், சில நேரம் சீழ், ரத்தம், நுரையீரல்ல ஓட்டை விழுந்திருந்தா வெறும் காத்து வெளிய வரும், அதனால நீர் வாங்கல்னு எழுத முடியாது. 'நெஞ்சறைக் குழாய்'னு இப்போதைக்கு குறிச்சு வச்சிருக்கேன், ஆனா நெஞ்சறைன்னா உள்ள இருக்கிற மொத்த இடமும் வந்துடுது, எங்களுக்கு வேண்டியது நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிய இடைவெளி மட்டும்தான். அதுக்கு யார்கிட்டயாவது நல்ல சொல் இருந்தா எழுதுங்க.