செட்டிங் பவுடர் போட்டதும் கண்ணுக்குக் கீழே கோடு விழுகிறது, அவசரம்

மழைத்துளி:
நாளை மறுநாள் ஒரு விசேஷம், சீக்கிரம் சொல்லுங்கள். ஒப்பனை கலையாமல் நிற்கக் கடைசியில் போடும் செட்டிங் பவுடரைப் போடும் வரை முகம் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வெடிக்கிறது, மூக்கோரம் திட்டுத் திட்டாக நிற்கிறது. வேறு பவுடர் வாங்கட்டுமா?

கண்மை:
லூஸ் பவுடரா (உதிரித் தூள்), பிரஸ்டா (அழுத்திக் கட்டியாக்கியது)? கீழே என்ன போடுகிறீர்கள்? சருமம் வறண்டதா, எண்ணெய்ப் பசையா? இதெல்லாம் தெரியாமல் எதை வாங்கச் சொல்வது?

சாம்பல்பூனை:
ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமர்தான், சந்தேகமே வேண்டாம். சிலிக்கோன் பிரைமர் மேல் தண்ணீர் அதிகமுள்ள ஃபவுண்டேஷன் போட்டால் பல நேரம் ஒட்டாமல் திரளும். பொருள் பட்டியலில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முன்வரிசையில் இருக்கிறதா பாருங்கள்.

மழைத்துளி:
பிரைமர் போடுவதே இல்லை.

சாம்பல்பூனை:
அப்படியென்றால் சன்ஸ்கிரீன். அதிலும் சிலிக்கோன் இருக்கும்.

அரிதாரம்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள். பவுடரின் வேலை எண்ணெயை உறிஞ்சுவது. கண்ணுக்குக் கீழே தோல் மெலிது, எண்ணெய்ச் சுரப்பும் குறைவு. நெற்றிக்குப் போடும் அளவை அங்கேயும் அப்பினால் வெடிக்கத்தான் செய்யும். அடிப்படை தெரியாதவர்கள்தான் பொருளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தூரிகை:
அரிதாரம் சொல்லும் விஷயம் சரி, சொல்லும் விதம் வேண்டாமே. மழைத்துளி, இப்படிச் செய்து பாருங்கள். கருவளையத்தை மறைக்கும் கன்சீலர் போட்டதும் அது மடிப்பில் தேங்கும். மேலே பார்த்தபடி மோதிர விரலால் லேசாக ஒற்றி அந்தக் கோட்டை முதலில் சமமாக்குங்கள். பஃப்பில் கொஞ்சம் பவுடர் எடுத்து, அதை இரண்டாக மடித்துக் கசக்குங்கள், பவுடர் உள்ளே இறங்கும். புறங்கையில் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிட்டு, கோடு மறுபடி விழுவதற்குள் அழுத்தி எடுங்கள். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கீழே இருப்பதும் சேர்ந்து நகரும். மாய்ஸ்சரைசர் ஈரம் காயாமல் பவுடர் போட்டாலும் திட்டு விழும்.

மழைத்துளி:
லூஸ் பவுடர், டிரான்ஸ்லூசென்ட் (நிறம் காட்டாதது). வறண்ட சருமம். வீடியோவில் பார்த்தபடி பேக்கிங் செய்தேன். கனமாக வைத்து 10 நிமிடம் விட்டுத் தட்டினேன்.

கண்மை:
அதுதான் காரணம்! வறண்ட சருமத்துக்கு பேக்கிங் வேண்டாம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் மெல்லிசாகப் போடுங்கள், கன்னத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று, சிலிக்கா அதிகமுள்ள பவுடர் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், படத்தில் முகம் வெள்ளையாகத் தெரியும். இன்றே ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அரிதாரம்:
பேக்கிங் மேடை ஒப்பனைக்காரர்கள் கைக்கொண்ட உத்தி. விளக்குச் சூட்டில் வியர்க்கும் முகத்துக்கு அது தேவை. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சியிருக்கும்.

புதுவெள்ளம்:
அதை விடுங்கள், அந்தப் பவுடரில் டால்க் என்ற கனிமத் தூள் இருக்கிறதா? 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 2ஏ பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. சோள மாவு கலந்ததற்கு மாறிவிடுங்கள்.

சாம்பல்பூனை:
பயமுறுத்தாதீர்கள். புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு என்பதை அல்ல. சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சோள மாவு வியர்வை பட்டால் கட்டி பிடிக்கும்.

புதுவெள்ளம்:
டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் நிலத்தடியில் அருகருகே கிடைப்பவை, கலப்படம் வரலாம். தினமும் முகத்தருகே பறக்கும் தூள் இது. தவிர்க்கச் சொல்வது பயமுறுத்தலா?

தூரிகை:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள். எந்தத் தூளானாலும் மூச்சில் இழுக்காமல் போடுவது நல்லது, பிரஸ்டு பவுடர் அவ்வளவாகப் பறக்காது.

மழைத்துளி:
பஃப் முறை செய்தேன், கண்ணுக்குக் கீழே சரியாகிவிட்டது. மூக்கோரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நன்றி எல்லோருக்கும்.

கண்மை:
மூக்கோரம் தோல் உரிகிறதா, எண்ணெய் கசிகிறதா? உரிந்தால் அங்கே பவுடரே வேண்டாம். கசிந்தால் டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் போடுங்கள்.

சாம்பல்பூனை:
சன்ஸ்கிரீன் பட்டியலைப் பார்த்தீர்களா?