டாக்ஸிக்கு வெளியே கழற்றி வைத்த ஷூ: வெளிநாட்டில் உங்கள் பிள்ளைகள் டாக்ஸியில் என்ன செய்தார்கள்?

நிஷிகசாய் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாக டோக்கியோவில் இருக்கிறோம், நிஷி-கசாய் பக்கம். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. வரும் ஏப்ரலில் திருச்சிக்கே திரும்பிவிடப் போகிறோம். அதற்குள் இங்கே நடந்ததையெல்லாம் பிள்ளைகளுக்காக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் நல்ல கதை எல்லாம் டாக்ஸியில்தான் நடந்திருக்கிறது!

தினமும் ரயில்தான். எங்கள் ஸ்டேஷன் தோஸாய் லைனில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது தோசை லைன். டாக்ஸி எப்போதாவதுதான் என்பதால் அதில் நடந்தது அப்படியே மனதில் நிற்கிறது.

பெரியவளுக்கு நான்கு வயது. சின்னவன் கைக்குழந்தை. ஆகஸ்ட் வெயிலில் கசாய் ரின்காய் பூங்காவில் இருக்கும் மீன் காட்சியகத்துக்குக் கிளம்பினோம். குழந்தை தூங்கிவிட்டதால் டாக்ஸியை நிறுத்தினோம். இங்கே இடதுபக்கப் பின்கதவை டிரைவரே தன் இடத்தில் இருந்தபடி திறந்து மூடுவார், நாம் தொடக்கூடாது. சீட்டுக்கு வெள்ளை வெளேரென்று லேஸ் உறை, டிரைவர் கையில் வெள்ளைக் கையுறை. நானும் என் கணவரும் குழந்தையையும் பையையும் பார்த்து ஏறினோம், பெரியவள் கடைசியாக ஏறினாள், கதவு மூடியது.

பூங்கா வாசலில் இறங்கும்போதுதான் பார்க்கிறேன், காலில் வெறும் சாக்ஸ். "ஷூ எங்கேம்மா?" என்றேன். "வாசல்லயே வச்சிட்டேன்" என்றாள்.

பாலர் பள்ளியில் உள்ளே நுழையும்முன் ஷூவைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி ஜோடியாக வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லேஸ் உறையைப் பார்த்ததும் இதுவும் யாரோ ஒருவர் வீடு என்று நினைத்திருக்கிறாள். நடைபாதையிலேயே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

என் கணவர் தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விஷயத்தைச் சொன்னார். டிரைவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மீட்டரை நிறுத்தினார், வண்டியைத் திருப்பினார். எவ்வளவு சொல்லியும் திரும்பிப் போனதற்குக் காசு வாங்கவில்லை. வழியில் ஒரு கதையும் சொன்னார். 1872-ல் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு முதல் ரயில் விட்டபோது, ஏறினவர்களில் சிலர் செருப்பை மேடையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். "அதனால் பாப்பா செய்தது எங்கள் ஊர்ப் பழக்கம்தான்" என்றார்.

போய்ப் பார்த்தால் நடைபாதையில் ஷூ இல்லை. பெரியவள் அழத் தயாராகிவிட்டாள். டிரைவர்தான் கண்டுபிடித்தார். யாரோ அதை எடுத்து, மிதிபடாமல் இருக்கட்டும் என்று பக்கத்துப் பூச்செடித் திண்டின் மேல் வைத்திருந்தார்கள், அதே மாதிரி ஜோடியாக. அவர் இறங்கிப்போய், வெள்ளைக் கையுறையோடு இரண்டு கையாலும் ஏந்திவந்து கொடுத்தார். இங்கே டிப்ஸ் வாங்கமாட்டார்கள். பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன், அதை வாங்கிக்கொண்டார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எந்த ஊர், பிள்ளைக்கு என்ன வயது, டிரைவர் என்ன சொன்னார் என்று எழுதுங்களேன். என் நோட்டில் கடைசிப் பக்கங்களை அதற்காகவே விட்டுவைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ஈஸ்ட்ஹாம் அப்பா:

வணக்கம் அக்கா. வாசித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது லண்டன்.

மாமி ஊரிலிருந்து வந்து எங்களோடு நின்ற நேரம். மகனுக்கு ஏழு வயது. சவுத் கென்சிங்டனில் டைனோசர் எலும்புக்கூடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பும்போது மாமிக்கு முழங்கால் நோ, படி இறங்க ஏலாது. அதனால் கறுப்பு டாக்சி பிடித்தோம். அதில் முன்னுக்கு மடக்குச் சீட் இருக்கும், பின்பக்கம் பார்த்து இருக்கவேணும். மகன் அதில் ஏறி அம்மம்மாவுக்கு நேரெதிரே இருந்துகொண்டான்.

இந்த டாக்சிக்காரர்கள் எழுதுகிற சோதனையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். சேரிங் கிராஸைச் சுற்றி 6 மைலுக்குள் கிட்டத்தட்ட 25,000 தெரு, 320 பாதை, எல்லாம் மனப்பாடம். உடனே டிரைவரிடம் சோதனை வைக்கத் தொடங்கிவிட்டான். அந்த மனிசனும் சந்தோசமாக முதல் பாதையை ஒப்பித்தார். மனோர் ஹவுஸ் ஸ்டேஷனில் தொடங்கி கிப்சன் ஸ்குவேர் வரைக்கும், நாங்கள் சின்ன வயதில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி மூச்சுவிடாமல்.

மகன் விடவில்லை. "நல்லூரில எங்கட அம்மம்மா வீட்டுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டான். அவர், "அது 6 மைலுக்கு வெளியில தம்பி, நீதான் சொல்லித் தரவேணும்" என்றார்.

மகன் தமிழில் கேட்க, மாமி நிமிர்ந்து இருந்து தொடங்கினா. "பருத்தித்துறை வீதியால வந்து, கந்தசாமி கோயிலைத் தாண்டின உடனே இடப்பக்கம் ஒரு ஒழுங்கை. அதுக்குள்ள மூண்டாவது படலை. நாய் நிக்கும், பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு." மகன் ஒவ்வொன்றாக இங்கிலிஷில் சொல்லிக்கொண்டு வந்தான். படலையில் நின்றுவிட்டான். "அப்பா, படலைக்கு இங்கிலிஷில என்ன?" என்று கேட்டான். நான் கேட் என்றேன். மாமிக்குக் கோபம். "கேட் இரும்பு. படலை வேற" என்றா.

இறங்கும்போது டிரைவர் முழுவதையும் திருப்பி ஒப்பித்தார். நாயைக்கூட விடவில்லை. மாமி போன வருசம் ஊரில் காலமானா. மகன் இப்பவும் அந்த வழியை அந்த டிரைவரின் தொனியிலேயே சொல்லுவான். உங்கள் நோட்டில் கட்டாயம் எழுதுங்கோ அக்கா.

கராமா மீனா:

துபாயிலிருந்து. இங்கே டாக்ஸி எல்லாம் பால் நிறம், மேல்கூரை மட்டும் கம்பெனிக்கு ஒரு நிறம், சிவப்புதான் நிறைய. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் என்று பெண்களே ஓட்டும் டாக்ஸிக்குக் கூரை ரோஜா நிறம். என் மகளுக்கு மூன்றரை வயதில் ஒருநாள் அதில் போனோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் சிவப்புக் கூரை வந்தால் ஏறமாட்டாள். "அது அண்ணா வண்டி, நமக்கு அக்கா வண்டி வரும்" என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருமுறை பெஷாவர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். இவள் ஏற மறுத்தாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டேஷ்போர்டைத் திறந்து ரோஜா நிறத் துடைக்கும் துணி ஒன்றை எடுத்து முன்கண்ணாடியில் தொங்கவிட்டார். தன் மகளுக்கும் அதே வயதாம், ஊரில் இருக்கிறாளாம். இவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தத் துணியையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு சந்தேகம், நிஷிகசாய் அம்மா. டிரைவர் இடத்திலிருந்து எழாமலே கதவை எப்படித் திறக்கிறார்?

தேக்கா வாசி:

சிங்கப்பூர். முதலில் பயன்படுகிற தகவல்: இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு, ஆப்பில் கூப்பிடும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு அதில் விலக்கு உண்டு.

என் மகனுக்கு இது மனதில் பதிந்துவிட்டது. வாராவாரம் கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறிப்பான். 135-ஐத் தொட்ட அன்று காரில் ஏறும் முன்பே, பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து டிரைவர் அங்கிளிடம் நீட்டி, "நீங்களே அளந்து பாருங்க" என்று நின்றான். அவரும் இறங்கி, குனிந்து, குதிகாலைச் சரிபார்த்து அளந்தார். "ஒன் த்ரீ சிக்ஸ்!" என்று சத்தமாகச் சொல்லிக் கைகொடுத்தார். அன்று முழுவதும் அவன் முதுகு வளையவே இல்லை.

நிஷிகசாய் அம்மா:

மூன்றையும் எழுதிவிட்டேன். ஈஸ்ட்ஹாம் தம்பி, உங்கள் மாமி சொன்ன வழியை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். படலை படலையாகவே இருக்கிறது.

மீனா, டிரைவர் சீட்டின் பக்கத்தில் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும், அதை இழுத்தால் பின்கதவு திறக்கும். பிள்ளைகள் இதற்கு எவ்வளவு பழகிவிட்டார்கள் என்றால், பெரியவளின் ஐந்தாவது வயதில் லீவுக்குத் திருச்சி போனோம். ஜங்ஷனில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். நாங்கள் பெட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருக்க, இவள் கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றாள். டிரைவர் உள்ளே உட்கார்ந்து இவள் ஏறட்டும் என்று பார்க்கிறார், இவள் கதவு திறக்கட்டும் என்று பார்க்கிறாள். ஒரு நிமிஷம் இருவரும் அப்படியே இருந்தார்கள். அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து கதவைத் திறந்து, "ஏறு தாயி" என்றார். இவள் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தாள். ஏறும்முன் ஷூவைக் கழற்றலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.