அட்டவணை முந்தியதா, அணு மாதிரி முந்தியதா?

கந்தகம்16:

பாடநூல்களில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதல் பாடத்தில் அணுக்கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள், 2, 8, 8 என்று கூடுகள். அடுத்த பாடத்தில் தனிம வரிசை அட்டவணை. கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று பார், தொகுதி (அட்டவணையின் நெடுவரிசை) தெரிந்துவிடும் என்று முடித்துவிடுவார்கள். படிக்கிற பிள்ளைக்கு அணு மாதிரியிலிருந்து அட்டவணை பிறந்தது என்றுதான் தோன்றும்.

நடந்தது தலைகீழ். மெண்டலீவ் அட்டவணையை வெளியிட்டது 1869இல். ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். ரூதர்ஃபோர்டின் அணுக்கரு 1911இல். அணுவுக்குள் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியாத காலத்தில், அணு எடையையும் இணைதிறனையும் (ஓர் அணு மற்ற அணுக்களோடு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண்) மட்டும் வைத்துக்கொண்டு காலியம், ஸ்கேண்டியம், ஜெர்மானியம் மூன்றுக்கும் காலியிடம் விட்டார் மெண்டலீவ். சிலிக்கானுக்குக் கீழே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை 72 இருக்கும் என்று 1871இல் எழுதினார். 1886இல் விங்க்லர் ஜெர்மானியத்தைப் பிரித்து அளந்தபோது 72.3 வந்தது. காலியம் கதை இன்னும் ருசியானது. 1875இல் அதைக் கண்டுபிடித்த லெக்கோக் அடர்த்தி 4.7 என்றார். அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், 5.9 அளவில் இருக்கவேண்டும், தூய்மையாக்கி மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9.

என் கட்சி இதுதான்: அணு மாதிரி அட்டவணையை விளக்கியது என்று சொல்வது பாதி உண்மை. அந்த மாதிரிகளே விடையைப் பார்த்துப் போட்ட கணக்குகள். விடைத்தாள், அட்டவணை.

ஆல்ஃபா_துகள்:

மெண்டலீவுக்கு மாலை போடுகிறவர்கள் எப்போதும் இந்த மூன்று தனிமங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியையும் சொல்லுங்கள். ஹைட்ரஜனைவிட எடை குறைந்த தனிமங்கள் உண்டு, ஒளி பரவ வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஈதரே அப்படி ஒரு தனிமம்தான் என்று கடைசிக் காலத்தில் எழுதினார். 1894இல் ஆர்கான் வந்தபோது, அது மூன்று அணு நைட்ரஜனாக இருக்கலாம் என்றார், ஏனென்றால் அவர் அட்டவணையில் அதற்கு இடமில்லை. கதிரியக்கத்தில் ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்பதை அவர் ஏற்கவே இல்லை.

அதைவிட முக்கியம், அவர் எடுத்துக்கொண்ட அடிப்படையே தவறு. அணு எடைப்படி அடுக்கினால் டெல்லூரியம் (127.6) அயோடினுக்கு (126.9) அப்புறம்தான் வரவேண்டும். குணத்தைப் பார்த்து மாற்றி வைத்துவிட்டு, டெல்லூரியத்தின் எடையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று சாதித்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆர்கான்-பொட்டாசியம், கோபால்ட்-நிக்கல் ஜோடிகளும் அப்படியே. ஏன் இந்த இடங்களில் வரிசை புரள்கிறது என்று அட்டவணையால் சொல்லவே முடியாது. அணு மாதிரிதான் சொன்னது: எண்ண வேண்டியது எடையை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டத்தை.

1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லே ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குச் சமமான படியாக ஏறியது. நீல்ஸ் போர் அதே ஆண்டு தந்த சமன்பாட்டைப் போட்டு மோஸ்லே கணக்கிட்ட எண்கள்: கால்சியம் 19.00, கோபால்ட் 26.00, நிக்கல் 27.04. எடையில் நிக்கல் குறைவு, ஆனால் கோபால்ட்டுக்கு அப்புறம்தான் வருகிறது. எந்த வேதி வினையும் பார்க்காமல் கிடைத்த வரிசை இது. விடைத்தாள் எங்கே இருக்கிறது இதில்?

பழங்குடுவை:

இடையில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் மெண்டலீவை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அணு எடைகளை ஒழுங்குபடுத்திக் காட்டியிருக்காவிட்டால் யாருக்கும் எந்த அட்டவணையும் கிடைத்திருக்காது. அந்த எடைகள் கைக்கு வந்த பத்தே வருடத்துக்குள் சான்கூர்துவா, நியூலாண்ட்ஸ், லோத்தர் மேயர், மெண்டலீவ் என்று ஆளாளுக்கு ஒரு வடிவத்தில் அதையே கண்டார்கள். நியூலாண்ட்ஸ் எட்டுக்கு ஒருமுறை குணம் திரும்புகிறது என்று 1866இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் சொன்னபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேலி செய்தார். அதே நியூலாண்ட்ஸுக்கு 1887இல் ராயல் சொசைட்டி டேவி பதக்கம் கொடுத்தது. ஒழுங்கு தனிமங்களிலேயே இருந்தது. பல பேர் கண்ணில் ஒரே சமயத்தில் பட்டது, அவ்வளவுதான்.

கந்தகம்16:

பழங்குடுவை சொன்னது என் கட்சிக்கே பலம். ஆல்ஃபா_துகள், நீங்கள் கேட்ட இடத்திலேயே விடைத்தாளைக் காட்டுகிறேன்.

கால்சியம் 19.00 என்றீர்கள். கால்சியத்தின் அணு எண் 20 ஆயிற்றே? கோபால்ட்டுக்கு 27 ஆயிற்றே? கணக்கில் வந்த ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டார் மோஸ்லே. ஏன் ஒன்று? அட்டவணையில் கால்சியம் இருபதாவது என்று ஏற்கனவே தெரியும், அதனால்தான்.

அணுக்கருவின் மின்னூட்டமும் அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண்ணும் ஒன்றே என்ற யோசனை எங்கிருந்து வந்தது? ரூதர்ஃபோர்டிடமிருந்து அல்ல. அவருடைய 1911 கட்டுரையில் மின்னூட்டம் தோராயமாக அணு எடையில் பாதி என்ற அளவுக்குத்தான் இருக்கிறது. எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, வேதிக் குணம் எப்படி வருகிறது என்பதைப் பற்றி அந்த மாதிரி வாயே திறக்கவில்லை. அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த வான் டென் புரூக் என்ற டச்சுக்காரர்தான் அந்த இணைப்பைச் செய்தார். அவர் தொழிலில் வழக்கறிஞர். மோஸ்லே சோதித்தது அவர் கருத்தைத்தான்.

(பாவம், எல்லோரும் கிண்டல் செய்கிற தாம்சன் மாதிரிதான் 1904இல் எலக்ட்ரான்களை வளையம் வளையமாக அடுக்கி, குணங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று சொல்லப் பார்த்தது. அணுக்கரு இல்லை என்பதால் அதை ஒரு பத்தியில் தள்ளிவிட்டுப் போகிறோம்.)

இனி நீல்ஸ் போர். 1913இல் அவர் தந்த எலக்ட்ரான் அடுக்குகளைப் பாருங்கள். கார்பனுக்கு உள்ளே 2, வெளியே 4. சரி. அடுத்த நைட்ரஜனுக்கு உள்ளே 4, வெளியே 3! ஒரு எலக்ட்ரான் கூடினதும் உள் வளையத்தில் திடீரென்று இரண்டு ஏறிவிட்டன. எந்த இயக்கவியலிலும் இது இல்லை. நைட்ரஜனின் இணைதிறன் மூன்று, ஆகவே வெளியே மூன்று இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டார். இதைத்தான் விடையைப் பார்த்துப் போட்ட கணக்கு என்றேன்.

ஆல்ஃபா_துகள்:

ஒன்றைக் கூட்டியதைப் பெரிய திருட்டு மாதிரி சொல்கிறீர்கள். எந்தத் தனிமத்துக்கும் அதே ஒன்றுதான். ஒரு மாறிலி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்றால் அதற்கு இயற்பியல் காரணம் இருக்கவேண்டும், இருக்கிறது: மேல் கூட்டிலிருந்து எலக்ட்ரான் விழுந்து எக்ஸ் கதிர் வெளிவரும்போது உட்கூட்டில் மீதமிருக்கிற இன்னொரு எலக்ட்ரான் அணுக்கருவின் மின்னூட்டத்தில் ஏறக்குறைய ஒன்றை மறைக்கிறது. அட்டவணைக்கு இதில் வேலை இல்லை.

அதோடு, இடைவெளிகளின் எண்ணிக்கையை முதன்முதலில் உறுதியாகச் சொன்னது யார்? அலுமினியத்திலிருந்து தங்கம் வரை, 13 முதல் 79 வரை, விடுபட்டவை 43, 61, 75 என்று மோஸ்லே எழுதினார். அருமண் தனிமங்கள் (லாந்தனத்தை ஒட்டி வரும், குணத்தில் ஒன்றுபோல் இருக்கும் லாந்தனைடுகள்) எத்தனை என்று வேதியியலாளர்கள் அதுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தா, இருபதா என்று மெண்டலீவ் அட்டவணையால் சொல்ல முடியவில்லை. 75 ரீனியமாக 1925இல் வந்தது. 43 டெக்னீசியமாக 1937இல், 61 புரோமீத்தியமாக 1945இல். மோஸ்லே எதையும் பார்க்கவில்லை. 1915இல் கலிப்போலிப் போரில் 27 வயதில் செத்துப்போனார்.

ஹாஃப்னியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 72ஆவது தனிமம் அருமண் வகை, அதை நான் பிரித்துவிட்டேன் என்று பாரிஸில் உர்பேன் என்ற வேதியியலாளர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார். நீல்ஸ் போர் தன் கூட்டுக் கணக்கை வைத்து, அருமண் வரிசை 71உடன் முடிகிறது, 72 சிர்க்கோனியத்தின் சொந்தக்காரன் என்றார். கோஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கோனியத் தாதுக்களில் தேடி 1923இல் எடுத்துக் காட்டினார்கள். அணு மாதிரி முன்கூட்டிச் சொன்னது, கிடைத்தது.

பழங்குடுவை:

ஹாஃப்னியத்தை மட்டும் தயவுசெய்து நீல்ஸ் போர் கணக்கில் எழுதாதீர்கள். இது வேதியியல்காரர்களுக்குப் பழைய வயிற்றெரிச்சல். 1895இலேயே டென்மார்க்கின் யூலியஸ் தாம்சன், அதாவது எலக்ட்ரான் தாம்சன் இல்லை, போட்ட அட்டவணையில் சிர்க்கோனியத்துக்குக் கீழே ஒரு காலியிடம் இருக்கிறது. 1921இல் சார்லஸ் பரி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வேதிக் குணங்களை வைத்தே எலக்ட்ரான் அடுக்குகளை எழுதி, 72 சிர்க்கோனியம் மாதிரி இருக்கும் என்று அச்சிலேயே சொல்லிவிட்டார். மேலும் டான்டலம் 73, இணைதிறன் ஐந்து. அதற்கு முந்தைய கட்டத்தில் இணைதிறன் நான்கு உள்ளது வரும் என்று சொல்ல குவாண்டம் எதற்கு?

ஆல்ஃபா_துகள்:

காலியிடம் விடுவது வேறு, ஏன் 14 அருமண் தனிமங்களோடு அந்த வரிசை நிற்கிறது என்று சொல்வது வேறு. 1925இல் பவுலி, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற விதியைத் தந்தபின் 2, 8, 18, 32 என்ற கூட்டு எண்கள் தாமாக வந்து விழுந்தன. அந்த 14உம் அதிலேயே இருக்கிறது. பரியோ யூலியஸ் தாம்சனோ இதைச் சொல்லவில்லை.

அட்டவணை ஏமாற்றிய இடமும் உண்டு. தோரியம், புரோட்டாக்டினியம், யுரேனியம் மூன்றையும் இணைதிறனைப் பார்த்து ஹாஃப்னியம், டான்டலம், டங்ஸ்டன் மூன்றுக்கும் கீழே வைத்திருந்தார்கள். பல்லாண்டுகள் அப்படியே கிடந்தது. 1944இல் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க், இவை லாந்தனைடுகளைப் போலத் தனி வரிசை, உள்ளே 5எஃப் (எண் கூட்டைக் குறிக்கும்; எஸ், பி, டி, எஃப் அதன் உட்பிரிவுகள்) நிரம்புகிறது என்று சொன்ன பிறகுதான் அமெரிசியமும் கியூரியமும் பிடிபட்டன. கீழே தனியாகத் தொங்குகிற இரண்டாவது வரிசை எலக்ட்ரான் கணக்கின் கொடை.

நான்காம்_வரிசை:

பெரியவர்கள் சண்டையில் ஒரு சந்தேகம். கூட்டு எண்கள் 2, 8, 18, 32 என்றால், அட்டவணையின் வரிசைகள் மட்டும் ஏன் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று இரட்டை இரட்டையாக இருக்கின்றன? 4எஸ் முதலில், 3டி அப்புறம் என்று மனப்பாடம் செய்தோம், காரணம் சொல்லவில்லை.

கந்தகம்16:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பவுலி விதி ஒரு கூட்டில் எத்தனை பேர் அடங்கலாம் என்று சொல்லும். எந்த வரிசையில் நிரப்புவது என்று சொல்லாது. 4எஸ் முதலில் என்கிற மாடெலுங் விதி, அட்டவணையின் வரிசைகளுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிய விதி. அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. குரோமியமும் தாமிரமும் 4எஸ்-இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கின்றன. பல்லேடியத்தில் 5எஸ் காலி. அப்புறம், ஸ்கேண்டியத்திலிருந்து இரண்டு எலக்ட்ரானை எடுத்துவிட்டால் மீதமிருக்கும் ஒன்று 3டி-இல்தான் இருக்கிறது, 4எஸ்-இல் இல்லை. முதலில் நிரம்பியது எது என்று கேட்டால் பாடநூல் திணறும்.

சீபோர்க் விஷயம். அவருக்கு அந்த யோசனை எலக்ட்ரான் கணக்கிலிருந்தா வந்தது? 1940இல் மாக்மில்லனும் ஏபெல்சனும் நெப்டியூனியத்தைப் பிடித்தபோது அது ரீனியம் மாதிரி நடந்துகொள்ளவில்லை, யுரேனியம் மாதிரி நடந்துகொண்டது. புளூட்டோனியமும் அப்படியே. குடுவையில் தெரிந்ததை வைத்துத்தான் 5எஃப் பேச்சு வலுத்தது.

கடைசியாக ஹீலியம். வெளிக்கூட்டில் 2 எலக்ட்ரான், எஸ் வகை. உங்கள் கணக்குப்படி பெரிலியத்தின் தலைமேல் உட்காரவேண்டும். வழக்கமான அட்டவணைகளில் நியானின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. யார் சொல்லி? அது எதனோடும் சேராத மந்த வாயு என்ற வேதியியல் சொல்லி.

ஆல்ஃபா_துகள்:

வெளிக்கூட்டில் எத்தனை என்று எண்ணுவதோடு குவாண்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தால்தான் ஹீலியம் புதிராகும். முதல் கூட்டில் எஸ் மட்டுமே உண்டு, பி கிடையாது. அதனால் ஹீலியத்தின் எலக்ட்ரானை அடுத்த நிலைக்கு ஏற்ற 19.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலின் அலகு) வேண்டும். பெரிலியத்தில் பக்கத்திலேயே 2பி இருக்கிறது, 2.7 போதும். எலக்ட்ரானைப் பிடுங்கி எறிய ஹீலியத்துக்கு 24.6, எல்லாத் தனிமங்களிலும் அதிகம். பெரிலியத்துக்கு 9.3. இந்த எண்களை வைத்திருக்கிறவர், ஒரு வேதி வினையும் பார்க்காமலே ஹீலியத்தைக் கொண்டுபோய் நியான் பக்கம்தான் வைப்பார்.

நான்காம்_வரிசைக்கு: 4எஸ் அலை அணுக்கருவுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, 3டி அப்படிச் செய்வதில்லை. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் இந்த நெருக்கத்தால் 4எஸ்-க்கு ஆற்றல் குறைவு. ஸ்கேண்டியத்திலிருந்து அணுக்கருவின் மின்னூட்டம் ஏறஏற 3டி கீழே இறங்கிவிடுகிறது. குரோமியமும் தாமிரமும் மாடெலுங் விதியை மீறலாம், குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மீறவில்லை. பாதரசம் ஏன் திரவம், தங்கம் ஏன் மஞ்சள் என்பதற்கு அதோடு சார்பியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை வருகிறது. அந்த இரண்டையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.