மஹாலில் நடந்த கோர்ட்டும் சாவடிச் சுவரும்: ஒரு சந்தேகம்

வைகைக்கரை:
திருமலை நாயக்கர் மஹாலில் ஜில்லா கோர்ட் எந்த ஆண்டு வரை நடந்தது? இப்போது நிற்பது முழுக்க நாயக்கர் காலத்து வேலையா? மேலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடியும் செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானம்தான். சுவரடியில் மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறது. இரண்டே மழைக்காலத்தில் பொரிந்து விழுகிறது. என்ன செய்யலாம்?

கீழவாசல்காரர்:
கோர்ட் 1970 வரை அங்கேதான். மஹால் எழுந்தது 1636-ல். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியது சுமார் கால்வாசி. சிதிலமாகக் கிடந்ததைப் பழுதுபார்க்க வைத்தவர் 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர். அதனால் மஹாலின் அரியணை மண்டபமான சொர்க்க விலாசத்தில் கண்ணில் படும் பூச்சு எல்லாவற்றையும் 17-ம் நூற்றாண்டு என்று சொல்லிவிடாதீர்கள். கோர்ட் குடியிருந்ததால்தான் அந்தப் பகுதி பிழைத்தது என்பேன். ஆள் புழங்காத பகுதி என்ன ஆனது என்று பத்துத்தூண் சந்தில் பாருங்கள்: ஜவுளிக்கடைகளுக்கு நடுவே கல்தூண்கள் மட்டும், மேலே கூரை இல்லை.

காரைக்கொத்து:
சாவடி விஷயம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கிய உப்பு செங்கல்லுக்குள் பூத்து அதன் முகத்தையே பெயர்த்துவிடும். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்புறம் செங்கல் தூள் ஒட்டியிருக்கும்.

சிமென்டைச் சிற்றுளியால் பையக் கொத்தி எடுங்கள், மெஷின் வேண்டாம். சுவரைக் காயவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். நீற்றி, சலித்து, சில வாரம் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரில் அரைக்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், கனத்தால் வெடிக்கும். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்துங்கள். வெயிலில் விட்டால் மாவாய் உதிரும்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. மேலே எமல்ஷன் அடிக்கலாமா?

காரைக்கொத்து:
கூடாது, அதுவும் சிமென்ட் மாதிரியே ஈரத்தை அடைக்கும். சுண்ணாம்பு வெள்ளைதான், நீர்க்கக் கரைத்து மூன்று தடவை. முதலில் சுவரடியில் மழைத்தண்ணீர் தேங்காமல் மண்ணைச் சரித்து வெட்டிவிடுங்கள்.