ஃப்ரீ செய்த (நிரல் விடுவித்த) நினைவகம் எங்கே போகிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

லினக்ஸில் ஓடும் எங்கள் சி++ சர்வர் காலையில் சில நூறு எம்பியில் தொடங்கும். மாலைக்குள் 4 ஜிபியைத் தொடும். இரவில் வேலையே இல்லாவிட்டாலும் இறங்காது. நினைவகக் கசிவைத் தேடும் வால்கிரைண்டில் ஓட்டினால் ஒரு பைட் கசிவும் இல்லை என்றது. அப்புறம் என்ன, குழுவில் ஆளாளுக்கு அடுத்தவர் நிரலைச் சந்தேகித்தோம்.

நிரல் பிடித்திருக்கும் நினைவகப் பகுதிகளைப் பட்டியலிடும் பிமேப் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. பக்கம் பக்கமாக ஜோடி வரிகள்: 132 கேபி (பயன்பாட்டுக்குத் திறந்தது), அடுத்து 65404 கேபி (முன்பதிவு மட்டும்). முதல் எண் சில ஜோடிகளில் வெகுவாக ஏறியிருந்தது. ஆனால் எந்த ஜோடியைக் கூட்டினாலும் 65536 கேபி, அதாவது 64 எம்பி. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் நினைவகம் ஒதுக்கும் மாலாக், த்ரெட்களுக்காக (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) பிடித்துவைக்கும் அரீனாக்கள், அதாவது தனித்தனி நினைவகக் கிடங்குகள்! 64 பிட்டில் ப்ராசஸர் கோருக்கு 8 வரை உருவாகலாம். 16 கோர் என்றால் 128. ஒரு த்ரெட் விடுவித்த இடம் அதன் அரீனாவிலேயே கிடக்கும்; வேறு அரீனாவில் இருக்கும் த்ரெட்டுக்கு அது உதவாது, அது கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) புதிதாகக் கேட்கும். ஃப்ரீ செய்தால் இடம் திரும்புவது நூலகத்திடம்தான். ஹீப்பின் (மாலாக் துண்டு துண்டாகக் கொடுக்கும் நினைவகப் பரப்பு) உச்சியில் 32 பைட் துண்டு ஒன்று உயிரோடு இருந்தால், கீழே எத்தனை எம்பி காலியானாலும் ஃப்ரீ அதைக் கெர்னலுக்குக் கொடுக்காது.

அரீனாக்களின் உச்ச எண்ணிக்கையைச் சொல்லும் மாலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியில் 2 என்று வைத்தோம். மாலை அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மறுமொழி:
அரீனாவைக் குறைத்தால், ஒரு சமயம் ஒரு த்ரெட்டையே உள்ளே விடும் பூட்டுக்காக த்ரெட்கள் வரிசையில் நிற்குமே? எங்களுக்கு வேகம் அடிவாங்கியது. 2017இல் வந்த 2.26 பதிப்பு முதல் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கேஷ் (பூட்டில்லாமல் எடுக்கும் சிறு சேமிப்பு) இருப்பதால் சிறிய துண்டுகளுக்குப் பரவாயில்லை. காலி இடத்தைக் கெர்னலிடம் திருப்பும் மாலாக்_டிரிம் முயன்றீர்களா?

மறுமொழி:
என் கதை வேறு. ஒரு கோடி கணுக்கள் கொண்ட மரம் (தரவைக் கிளைகளாக அடுக்கும் வடிவம்). கணுவில் இரண்டு சுட்டிகள் (தலா 8 பைட் முகவரி), 8 பைட் சாவி, சிவப்பா கறுப்பா என்று சொல்ல ஒரு பைட். கம்பைலர் அந்த 25ஐ 32 ஆக்கியது. மாலாக் தன் பங்குக்கு 8 பைட் அளவுக் குறிப்பைச் சேர்த்து, 16இன் மடங்காக்கி, 48இல் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரே ஒரு பிட் தகவலுக்கு இத்தனை வாடகை! மாலாக் தரும் முகவரி 16இன் மடங்கு என்பதால் சுட்டியின் கடைசி பிட் எப்போதும் பூஜ்யம்தானே. நிறத்தை அங்கே ஒளித்தேன். கணு 24, குறிப்போடு சரியாக 32. 48 கோடி பைட் 32 கோடி ஆனது. நிரலைப் படிக்கிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

முதலில் எழுதியவர்:
டிரிம் நன்றாகவே வேலை செய்கிறது. 2.8 பதிப்பு முதல் எல்லா அரீனாக்களிலும், நடுவே முழுசாகக் காலியான நினைவகப் பக்கங்களைக்கூடக் கெர்னலிடம் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்த நேரம் அரீனாவைப் பூட்டிக்கொள்வதால் பகலில் அழைக்கத் துணிவில்லை. இரவு வேலைகள் முடிந்தபின் ஒருமுறை அழைக்கிறோம். கணுக் கணக்கை எங்கள் நிரலிலும் போட்டுப் பார்க்கிறேன்.